பூட்டிய வீட்டுக்குள் ஒரு பூனை இருந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோருக்கான யோசனைகளைத் தங்கள் நாளிதழ் உள்ளிட்ட பத்திரிகைகள் தவறாமல் வெளியிடுகின்றன. எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், ஜன்னல்களைச் சாத்தித் தாழிடுங்கள், பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் வாசலில் சேராதபடி நிறுத்தச் சொல்லுங்கள், நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுச் செல்லுங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். எல்லாமே நல்ல யோசனைகள்தாம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பூனை இருந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இருந்து நான் கண்டதில்லை. அது மட்டுமன்று, அந்தப் பட்டியலை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால், உள்ளே இருக்கும் பூனையின் உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பது அண்மைக் காலமாகக் கண்கூடாகப் பெருகியிருக்கிறது. காலையும் மாலையும் வெளியே அழைத்துப் போகத் தேவையில்லை, குரைத்து அண்டை வீட்டாரின் புகாருக்கு ஆளாக்காது, சிறிய வீட்டிலும் அடங்கிவிடும் என்பதால், நாய் வளர்க்க இயலாத பலர் பூனையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியை எடுத்து வந்து வளர்ப்பவர்களும் உண்டு. விலை கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்குபவர்களும் உண்டு. எங்கள் குடியிருப்பில் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. பணி ஓய்வு பெற்று வீட்டிலேயே இருப்பவன் என்பதால், அவர்கள் ஊருக்குப் போகும்போது சாவி பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். ஆகவே, பூனை வளர்ப்பவன் என்ற முறையில் அல்லாமல், பிறர் வீட்டுப் பூனைகளைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. கூட்டுக் குடும்ப வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் இருந்தார்கள். கொல்லைப்புறமும் ஓட்டுக் கூரையும் பூனைக்கு வழிவிட்டன. பாலும் தயிரும் எட்டாத உயரத்தில் உறியில் தொங்கினாலும், நெற்குதிரைச் சுற்றி எலிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டில் மீன் ஆய்ந்தால் அதிலும் பங்கு கிடைத்தது. வீட்டார் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கி வந்தாலும் பூனைக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. மூன்றாம் மாடியில், வலையடித்த ஜன்னல்களுக்குப் பின்னால் வாழும் பூனைக்கோ, கிண்ணத்தில் நாம் போடுவதைத் தவிர வேறு இரையில்லை. நாம் ஊற்றி வைப்பதைத் தவிர வேறு தண்ணீரில்லை. ‘பூனைதானே, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்ற பேச்சு அந்தக் கொல்லைப்புறத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அது நம்மோடு மாடியேறி வந்துவிட்டது.

நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பூனை தன் எல்லையை விட்டு அகல விரும்பாத பிராணி. தான் முகத்தை உரசி மணம் ஏற்றி வைத்த நாற்காலிக் கால்களும் கதவோரங்களும் இருக்கும் இடத்தில்தான் அது நிம்மதியாக இருக்கும். அதனால், நாம் ஊருக்குப் போகும்போது பூனையை அதன் வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீடு சோறு போடாது. வீட்டிலேயே விட்டுச் செல்வது வேறு, வீட்டில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, நாள்தோறும் கதவைத் திறந்து உள்ளே வரும் ஒரு மனிதர்தான்.

பட்டியலின் முதல் யோசனைகளையே எடுத்துக்கொள்வோம். மெயின் சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டால், மே மாதத்துச் சென்னையில், அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்ன ஆகும் என்பதை, ஊரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தவர்கள் அறிவார்கள். முகத்தில் அடிக்கும் அந்த அனலில் ஒரு நிமிடம் நிற்க நம்மால் முடிவதில்லை. பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம்மைப்போல் உடலெங்கும் அதற்கு வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில்தான் சிறிது வியர்க்கும். மற்றபடி, ரோமத்தை நக்கி ஈரமாக்கிக்கொண்டு, அந்த ஈரம் காய்வதால் கிடைக்கும் குளிர்ச்சியைத்தான் அது நம்பியிருக்கிறது. காற்றே அசையாத அறையில் அதுவும் பயன்படாது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு; பூனை வாயைத் திறந்து இளைத்தால், அதை உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பொருள். நீண்ட ரோமமும் தட்டையான முகமும் கொண்ட பாரசீகப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எனவே, பூனை இருக்கும் வீட்டில் மெயினை அணைக்கக் கூடாது. கம்பிவலை அடித்த ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். ஒரு மின்விசிறியாவது ஓட வேண்டும். வலை உறுதியானதுதானா என்பதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது, ஏனெனில் புறாவைக் குறிவைத்துப் பாய்ந்து மாடியிலிருந்து விழும் பூனைகள் குறைவல்ல.

அடுத்தது கதவுகள். ஊருக்குப் புறப்படும் காலைப் பரபரப்பில் பீரோவைத் திறந்து துணி எடுக்கும்போது, பூனை சத்தமில்லாமல் உள்ளே புகுந்து புடவைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். நாம் பூட்டிவிட்டுப் போய்விடுவோம். பூனையை நேரில் கண்ணால் பார்க்காமல் வாசற்கதவைப் பூட்டக் கூடாது என்பதை ஒரு விதியாகவே கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம், தண்ணீரும் உணவும் நிறையவே வைத்துவிட்டு, மூன்று நாள் பயணமாகச் சொந்த ஊருக்குப் போனது. இரண்டாம் நாள் பின்னிரவில் அந்த வீட்டுக்குள்ளிருந்து விடாமல் கத்தும் குரல் கேட்டது. தாம்பரத்திலிருந்து அவர்களுடைய உறவினர் மாற்றுச் சாவியுடன் வந்து திறந்து பார்த்தபோது, காற்றில் படுக்கையறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டிருந்தது. பூனை உள்ளே, உணவும் நீரும் வெளியே. கதவின் அடிப்புறம் முழுக்க நகக் கீறல்கள். உள்ளே இருந்தவற்றில் அது குடிப்பதற்கு ஏற்றது ஒரு சொட்டும் இல்லை. வீட்டுக்குள் உள்ள ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மரக்கட்டையோ, தண்ணீர் நிரப்பிய கேனோ அண்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இது நேர்ந்திராது. உபயோகத்தில் இல்லாத அறையை மட்டும், பூனை உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியிலிருந்து தாழிடலாம்.

பூட்டிய வீட்டில் பூச்சி சேராதிருக்க நாம் செய்யும் ஏற்பாடுகளும் பூனைக்கு நஞ்சாகின்றன. துணிகளுக்கு நடுவிலும் கழிவுநீர்க் குழாய் வாயிலும் போடும் பாச்சை உருண்டை, சமையலறை மேடையில் கிழிக்கும் எறும்புச் சாக்பீஸ், மூலையில் வைக்கும் எலி மருந்து ஆகிய மூன்றையும் பூனை இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டும். சாக்பீஸ் கோட்டின் மேல் நடந்த பாதத்தைப் பூனை நக்கும். அதிலுள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. எலி மருந்தை அது நேராகத் தின்னாவிட்டாலும், தின்ற எலியைத் தின்னக்கூடும்.

உணவு விஷயத்தில், நான்கு நாளைக்கு உரியதையும் ஒரே கிண்ணத்தில் மலைபோல் கொட்டிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. நம் ஊரில் அந்தக் கிண்ணம் மறுநாள் காலை எறும்புக்குச் சொந்தமாகிவிடும். எறும்பு மொய்த்த உணவைப் பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே கிண்ணத்தை வைக்கும் பழைய உத்தி இதற்குப் போதும். வேகவைத்த மீனும் சோறும் கோடையில் மதியத்துக்குள் கெட்டுவிடும் என்பதால், ஆள் வந்து வைத்து, தின்னும் வரை இருந்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். உலர் உணவு கெடாதுதான். ஆனால் அதில் நீர்ச்சத்து பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீர் தேவைப்படும் நிலையில், உலர் உணவு தின்னும் பூனை அதில் பெரும்பகுதியைக் குடித்தே ஆக வேண்டும். வறண்ட நிலக் காட்டுப்பூனையின் வழிவந்தது என்பதால், அதற்குத் தாகம் மந்தமாகவே எடுக்கும். ஒரே பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்த நீரில் ஒரு கரப்பான் விழுந்துவிட்டால் அதன் பிறகு அதைத் தொடாத பூனைகள் உண்டு. வாயகன்ற மண்சட்டிகள் இரண்டு மூன்றில் தண்ணீர் ஊற்றி வெவ்வேறு அறைகளில் வைப்பது நல்லது. சட்டி கவிழாது, நீரும் குளிர்ந்திருக்கும். பால் வைத்துவிட்டுப் போவது பாசத்தினால் செய்வதானாலும் கூடாது, வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

‘பசித்தால் தானே தின்னும்’ என்று சிலர் கவலையில்லாமல் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மாமல்லபுரத்துச் சிற்பத்தில் கைகளைத் தூக்கி நிற்கும் பூனை வேண்டுமானால் எத்தனை நாளும் தவமிருக்கட்டும். வீட்டுப் பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், உடலின் கொழுப்பு ஈரலில் வந்து படிந்து, அந்த ஈரலே செயலிழக்கும் நோய் வரக்கூடும். கொழுத்த பூனைகளுக்கே இது அதிகம் வரும் என்பதால், ‘நன்றாகத்தானே இருக்கிறது, நாலு நாள் தாங்கும்’ என்ற கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. உரிமையாளரைக் காணாத ஏக்கத்தால் உணவைத் தொடாமல் இருப்பது பூனைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான். கிண்ணம் நிறைய உணவு வைத்துவிட்டுப் போனவருக்கு, பூனை அதைத் தின்கிறதா இல்லையா என்பது எப்படித் தெரியும்?

இதைவிட அவசரமானது ஆண் பூனைகளுக்கு வரும் சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. மன அழுத்தம், நீர் குறைவாகக் குடித்தல் போன்ற காரணங்களால் அதில் அடைப்பு ஏற்பட்டால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளிலேயே பூனை இறந்துவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. பூனை சிறுநீரும் மலமும் கழிக்க வீட்டில் வைக்கும் மணல் தட்டைப் பார்த்தால் போதும். கட்டியாகும் வகை மணலைப் பயன்படுத்தும் வீடுகளில், நலமாக உள்ள பூனையின் தட்டில் நாள்தோறும் இரண்டு மூன்று ஈரக் கட்டிகளாவது சேர்ந்திருக்கும். தட்டு நேற்று அள்ளிவிட்டுப் போனபடியே காய்ந்து கிடந்தாலோ, பூனை தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் முனகினாலோ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. நான் சாவியுடன் போகும் வீடுகளில் உணவுக் கிண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் மணல் தட்டைத்தான் பார்ப்பேன். அள்ளுகிற வேலை அருவருப்பானது என்று நினைப்பவர்கள் இந்தப் பொறுப்பை ஏற்காமலிருப்பதே நலம்.

ஆகவே, எத்தனை நாள் விடலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நல்ல உடல்நிலையில் உள்ள, வளர்ந்த பூனையை ஓர் இரவு தனியே விடலாம். அதற்கு மேல் என்றால் நாளொன்றுக்கு ஒரு முறையேனும், கோடையில் இரு முறையும், ஆள் வர வேண்டும். குட்டிகள், கர்ப்பமான பூனைகள், சிறுநீரகக் கோளாறு உள்ள முதிய பூனைகள், இரு வேளை இன்சுலின் போட வேண்டிய பூனைகள் ஆகியவற்றை ஓர் இரவுகூடத் தனியே விட முடியாது. அவ்வாறான வீடுகளில் யாராவது வந்து தங்கத்தான் வேண்டும். வெடிச் சத்தத்துக்குப் பூனைகள் மிரளும் என்பதால், தீபாவளி நாளில் ஊருக்குப் போவதானாலும் அப்படியே.

யாரிடம் சாவியைக் கொடுப்பது என்ற கேள்விதான் பலரைத் தடுக்கிறது. உறவினர்கள் நகரின் மறுகோடியில் இருக்கிறார்கள். அண்டை வீட்டாருடன் பழக்கமில்லை. வாட்ச்மேன் மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார். ஆனால் நாள்தோறும் அந்த வீட்டுக்குள் வந்து போகும், பூனைக்கும் நன்கு பழகிய ஒருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாவைத்தான் சொல்கிறேன். நாம் ஊருக்குப் போகும் நாள்களில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். சில வீடுகளில் அந்த நாள்களுக்குச் சம்பளத்தையும் பிடிக்கிறார்கள் என்பது வெட்கத்துடன் சொல்ல வேண்டிய உண்மை. அவருக்கு முழுச் சம்பளத்தையும், பூனையைப் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு தொகையையும் கொடுத்தால், இரு தரப்புக்கும் நன்மை. ஆண்டு முழுவதும் நாம் அலுவலகம் போன பிறகு அவரை நம்பி வீட்டை விட்டிருக்கிறோம். பத்து நாள் விடுமுறைக்கு மட்டும் அந்த நம்பிக்கை எங்கே போய்விடுகிறது? அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பதானாலும், திரும்பி வரும்போது ஒரு பாக்கெட் அல்வாவோடு கணக்கை முடித்துக்கொள்ளாமல், ஆகும் செலவை முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான் முறை.

சாவியை வாங்கிக்கொள்பவர் புறப்படும் நாளன்று அறிமுகமாகக் கூடாது. ஒரு வாரத்துக்கு முன்பே இரண்டு மூன்று முறை வந்து, வீட்டார் இருக்கும்போதே தம் கையால் உணவு வைத்துப் பழக வேண்டும். அப்படிப் பழகினாலும் முதல் நாள் பூனை கட்டிலுக்கு அடியிலேயே இருந்துவிடலாம். நான் பார்த்துக்கொண்ட ஒரு சாம்பல் நிறப் பூனை, எரிவாயு உருளைக்கும் சுவருக்கும் இடையே உள்ள கையகல இடைவெளியில் புகுந்துகொண்டு, இரண்டு கண்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அதை இழுக்கவோ, குனிந்து உற்றுப் பார்க்கவோ, விடாமல் பெயர் சொல்லி அழைக்கவோ கூடாது; எல்லாமே அதற்கு மிரட்டலாகத்தான் தோன்றும். கூடத்துத் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன் (தங்கள் நாளிதழ்தான், தலையங்கத்துக்கு வரும்போது அது உருளையை விட்டு வெளியே வந்திருந்தது). அதற்குப் பிறகு வந்த நாள்களில் நான் தாழ்ப்பாளை நீக்கும்போதே வாசலுக்கு வந்து நின்றது. வைப்பதை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஓடிவிடாமல், அரை மணி நேரமாவது அங்கே இருந்தால்தான் பூனை தின்கிறதா, நடக்கிறதா, தட்டுக்குப் போகிறதா என்பது தெரியும்.

வீட்டார் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியவையும் உண்டு. வழக்கமாகக் காட்டும் கால்நடை மருத்துவரின் பெயரும் எண்ணும், தடுப்பூசி அட்டை, அவசரச் செலவுக்குப் பணம், தம்மைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்ட ஒரு தாள், பூனையைத் தூக்கிச் செல்லும் கூடை ஆகியவை எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கூடை பரண் மேல் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். சென்னையில் உள்ளவர்களுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகும் வழியையும் நேரத்தையும் சாவி வைத்திருப்பவருக்கு முன்பே சொல்லிவைக்கலாம்.

காப்பகத்தில் விட்டுச் செல்லலாமே என்று கேட்கலாம். நல்ல காப்பகங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க முடிந்தவர்களுக்கு, வேறு வழியே இல்லாதபோது அது உதவும். ஆனால் நாய்களின் குரைப்பும் வாடையும் நிறைந்த புதிய இடத்தில், ஒரு கம்பிக் கூண்டில் பத்து நாள் இருப்பதென்பது பூனைக்கு ஓய்வாக இருக்காது. தவிர, பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோய் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லக்கூடியது. அந்தக் கிருமி தரையிலும் கூண்டிலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். அதற்கான தடுப்பூசி போட்ட சான்றைக் கேட்காமலே பூனையை ஏற்றுக்கொள்ளும் காப்பகத்தில் நம் பூனையை விடக் கூடாது.

உடன் அழைத்துச் செல்வது இன்னும் கடினம். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் தனி அறையை முழுவதுமாகப் பதிவு செய்தவர்கள்தான் செல்லப் பிராணியை உடன் வைத்துக்கொள்ள முடியும். ஆம்னி பேருந்துகளில் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. சொந்தக் காரில் ஊர் போய்ச் சேர்ந்தாலும், கிராமத்து வீட்டின் திறந்த கதவுகள் வழியே முதல் இரவிலேயே ஓடிப்போய், பழக்கமில்லாத நாய்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் பூனையை எங்கே போய்த் தேடுவது? தானாக உணவு கொட்டும் கருவியும், கைப்பேசியில் பார்க்கும் கேமராவும் ஆளுக்குத் துணையாகலாம், ஆளுக்கு மாற்றாகா. மின்சாரம் போனால் இரண்டும் நின்றுவிடக்கூடும். பூனை துடிப்பதை ஊட்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன்?

‘இரண்டு நாளில் வந்துவிடுவோம்’ என்ற நம்பிக்கையையும் இந்த ஊர் பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை விமான நிலையமே பல நாள்கள் மூடிக் கிடந்தது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, வெளியூர் சென்றிருந்தவர்கள் போன இடத்திலேயே வாரக்கணக்கில் நின்றுபோனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இவை அடிக்கடி நேர்பவை அல்ல என்பது உண்மையே. ஆனால் நேரும்போது, சாவி நடந்து வரும் தொலைவில் உள்ள ஒருவரிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே உள்ளிருக்கும் உயிரின் கதி அமையும். நாம் தங்கும் நாள்களுக்கும் மேலாக ஒரு வாரத்துக்கு உரிய உணவையும் மணலையும் வாங்கி வைத்துவிட்டுப் போவது அதனால்தான் அவசியம்.

எல்லாவற்றிலும் கொடியது, ஊருக்குப் போகும் முன் பூனையைக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டிலோ, கோயில் வாசலிலோ விட்டுவிட்டு, ‘அங்கே அதற்குச் சாப்பாடு கிடைக்கும்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு அங்கேயுள்ள பூனைகளோடு மல்லுக்கு நிற்கவும் தெரியாது, வண்டிக்கு விலகவும் தெரியாது. இது சட்டப்படி குற்றமுமாகும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தன் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் அளிக்கத் தவறுவதையும், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் அதைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றமாக்குகிறது. பூட்டிய வீட்டுக்குள் பட்டினி போடுவதும் இதற்குள் அடங்கும் என்பதே என் கருத்து. ஆனால் முதல் முறை குற்றம் செய்பவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். பத்து ரூபாய்க்குச் சென்னையில் இன்று பல கடைகளில் ஒரு டீகூடக் கிடைப்பதில்லை. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் உருவான அச்சட்டத்தின் இந்தச் சொற்பத் தொகையைப் பல பத்தாண்டுகளாக உயர்த்தாமல் வைத்திருப்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

சட்டம் திருந்தும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. பூட்டிய வீடுகளைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்ளும் காவல் நிலையங்கள், ‘உள்ளே வளர்ப்புப் பிராணி உள்ளதா, சாவி யாரிடம் உள்ளது’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். ரோந்து வரும் காவலர் உள்ளே கேட்கும் சத்தத்தைத் திருடன் என்று எண்ணிக் கதவை உடைக்காமலிருக்கவும் அது உதவும். குடியிருப்புச் சங்கங்கள், பூனை வளர்ப்பவர்களை எதிரிகளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, யார் வீட்டில் பூனை இருக்கிறது, அவர்கள் இல்லாதபோது யார் வருவார்கள் என்ற விவரத்தை வாயிற்காவலரின் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். சாவியுடன் வரும் வேலைக்காரப் பெண்மணியை வாசலிலேயே நிறுத்தி, ‘வீட்டில் யாரும் இல்லை, போ’ என்று திருப்பி அனுப்பிய சம்பவம் எங்கள் பகுதியிலேயே நடந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அது நேர்ந்திராது.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. அடுத்த முறை வீட்டைப் பூட்டிச் செல்வோருக்கான யோசனைகளை வெளியிடும்போது, மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில், ‘வீட்டில் பூனை இருந்தால் அணைக்க வேண்டாம், சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, நாள்தோறும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்’ என்று சேர்த்து அச்சிடுங்கள். இயன்றால், பள்ளித் தேர்வுகள் முடிவதற்கு முன்பே அதை வெளியிடுங்கள். பயணச்சீட்டு எடுத்த பிறகு சாவிக்கு ஆள் தேடுவது கடினம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.